சொன்னதை மட்டும்

வீட்டில் அவளுக்கு முந்திரி என்று பெயர். முந்திரிக்கொட்டை என்பதன் சுருக்கம்; வைத்தது அண்ணன். எதிரில் இருப்பவர் பாதி வாக்கியம் சொல்வதற்குள் மீதிப் பாதியை இவள் சொல்லி முடித்திருப்பாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேள்வியை முடிக்கும் முன்பே கையைத் தூக்கி, கேட்காத கேள்விக்குச் சரியான பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டது எத்தனையோ தடவை. இந்தப் பழக்கம் உருப்படாது என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அப்பா படுக்கையில் விழும்வரை. அதற்கப்புறம் அதே பழக்கத்தை வீடே மெச்ச ஆரம்பித்தது.

அப்பா காய்கறி மொத்த மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர். விடிகாலையில் தக்காளிக் கூடைகள் மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் அடுத்த தெருவில் அலாரம் வைக்கத் தேவையில்லை. வீட்டிலும் வாய் ஓயாது. சாப்பாட்டு மேசையில் கடைசி அப்பளத் துண்டைக்கூட ஏலம் விட்டுத்தான் கொடுப்பார். அப்படிப்பட்ட மனுஷருக்கு மூளையில் ஒரு ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. வலது கையும் வலது காலும் துவண்டன. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி, இப்போது தடி ஊன்றி நடக்கிறார். பேச்சுதான் பிடிவாதம் பிடித்தது. ஒரு வார்த்தை வரும். அப்புறம் பெரிய இடைவெளி. அப்புறம், அதிர்ஷ்டம் இருந்தால், இன்னொரு வார்த்தை.

அந்த இடைவெளியை அந்த வீட்டில் யாராலும் தாங்க முடியவில்லை. அவர் முகம் சிவந்து, உதடு கோணி, கண்ணில் நீர் தளும்ப நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க யாருக்கு மனசு வரும்? முந்திரி புகுந்துவிடுவாள். "தண்..." என்றால் டம்ளர் வரும். "சட்..." என்றால் நீலச் சட்டை வரும். அப்பா தலையாட்டுவார். "இவ மட்டும் இல்லேன்னா இவர் என்ன சொல்றார்னு நமக்கு எங்க தெரியப்போகுது?" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப்போவாள்.

அவர் அதிகமாகச் சொன்ன வார்த்தை நாற்காலி. அது சாதாரண நாற்காலி இல்லை. மார்க்கெட் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று கொண்டுவந்து இறக்கியது. பஞ்சு மெத்தை, சாய்கிற முதுகு, நீள்கிற கால் பலகை, பக்கத்தில் ஒரு பிடி. பிடியை இழுத்தால் ஆளையே படுக்கப் போட்டுவிடும். கூடத்தில் ஜன்னலோரம் அதை ராஜ மரியாதையோடு போட்டார்கள். சமையலறை வாசல் வழியாக அது நுழையாது. சாப்பாட்டு மேசை அந்தப் பக்கம். அதனால் அப்பாவுக்குத் தட்டு கூடத்துக்கே போய்விடும். தினமும் சாயங்காலம் அவர் "நாற்... காலி..." என்று ஆரம்பிப்பார். உடனே அம்மா முதுகுக்கு ஒரு குஷன் கொண்டுவருவாள். அண்ணன் பிடியை இழுத்துச் சாய்ப்பான். முந்திரி, "வெயில் படுதாப்பா? இதோ தள்ளிப்போடறேன்" என்பாள். மாதங்கள் போகப் போக அந்த நாற்காலியில் குஷன்கள் பெருகி, அப்பா உட்கார இடம் குறைந்துகொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி நாட்களில் ஒரு கல்லூரிப் பையன் வந்து நின்றான். ஆஸ்பத்திரியில் உதவிக்கு வரும் தன்னார்வத் தொண்டர்கள் போடும் பச்சைக் கோட்டு போட்டிருந்தான். அம்மா திக்குத் தெரியாமல் நின்றபோது ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கு அவன்தான் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனான், மருந்து வாங்கி வந்தான், வெளியில் உட்கார்ந்து கூடவே இருந்தான். அவன் பெயரைக்கூட யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அது தீராத குறை. "அந்தப் புள்ளைக்கு நம்மால ஒண்ணும் செய்ய முடியாது. நீ வேற யாருக்காவது செய், கணக்கு நேராயிடும்" என்று முந்திரியிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அப்படித்தான் அவள் கல்லூரியில் தேர்வு எழுதித் தருவோர் குழுவில் சேர்ந்தாள். பார்வை இல்லாதவர்கள் பரீட்சையில் பதில் சொல்லச் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது வேலை. தனக்கென்றே செய்துவைத்த வேலை என்று அவளுக்குத் தோன்றியது. வேகமாக எழுதுவாள், பாதி சொன்னாலே முழுதும் புரியும், வேறென்ன வேண்டும்? குழுவை நடத்திய பேராசிரியை முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்.

"ஒரே ஒரு விதிதான். அவங்க சொன்னதை மட்டும் எழுதணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. உங்க புத்திசாலித்தனத்தை வாசல்லயே விட்டுட்டு உள்ள போங்க."

எல்லோரும் சிரித்தார்கள். முந்திரியும் சிரித்தாள். அந்த வாக்கியத்தையும் அவர் முடிக்கும் முன்பே மனதுக்குள் முடித்துவிட்டிருந்தாள் என்பதுதான் வேடிக்கை.

அவளுக்கு ஒதுக்கப்பட்டவள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். முப்பதை நெருங்குகிற வயசு, குட்டை முடி, வாயில் எப்போதும் ஒரு நக்கல். தபால் வழியாக உளவியல் பட்டம் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாத் தாளும் தேறியாகிவிட்டது, 'மூளையும் நடத்தையும்' என்ற ஒரு தாள் மட்டும் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது. பழைய பாடத்திட்டம் அந்த வருஷத்தோடு முடிகிறது. இந்த முறை விட்டால் முதலிலிருந்து படிக்க வேண்டும். அதோடு, அதே ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மனக்குறை கேட்கிற பிரிவில் ஒரு இடம் காலி. பட்டம் வந்துவிட்டால் அது அவளுக்கு என்று வைத்திருந்தார்கள். வராவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

"இன்னிக்கு நான் கோட்டை விட்டா, ஆயுசுக்கும் 'கொஞ்சம் லைன்ல இருங்க'தான்" என்றாள், முதல் அறிமுகத்திலேயே. "பயப்படாதே தங்கச்சி. நீ எழுது, நான் உளர்றேன்."

முந்திரி படிப்பது வணிகவியல். எழுதுகிறவர் வேறு பாடம் படிப்பவராக இருக்க வேண்டும், அப்போதுதான் பதில் சொல்லிக் கொடுக்க முடியாது என்று விதி. ஆனால் மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, கைக்குக் கிடைத்த துண்டுப் பிரசுரத்தையெல்லாம் படித்து, டாக்டர்களைக் கேள்வி கேட்டே விரட்டியடித்த ஒருத்திக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று யாரும் விசாரிக்கவில்லை.

தனி அறை. நடுவில் ஒரு மேசை, எதிரெதிராக இரண்டு நாற்காலிகள், ஓடும்போது முனகுகிற ஒரு மின்விசிறி. மூலையில் மேற்பார்வையாளர் பழைய பத்திரிகையின் குறுக்கெழுத்துப் போட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். முந்திரி கேள்வியைப் படிப்பாள். ஆபரேட்டர் அக்கா விரல்களால் மேசை விளிம்பைத் தடவியபடி யோசிப்பாள். பிறகு சொல்ல ஆரம்பிப்பாள்.

முதல் பதிலில் முந்திரி ஒழுங்காகத்தான் இருந்தாள். இரண்டாவதில் அக்கா ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொன்னாள். இவள் ஒரு தடவை எழுதினாள். அதில் என்ன தப்பு? மூன்றாவதில், மறதியைப் பற்றிச் சொல்லும்போது அக்கா ஒரு கதைக்குப் போய்விட்டாள். தினமும் ஒருவர் போன் பண்ணி, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு டாக்டர் இன்றைக்கு எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்கிறாராம். இவள் தினமும் புதுசாகச் சொல்கிறாளாம். பரீட்சைத் தாளில் இதெல்லாமா என்று முந்திரி அதை விட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போனாள். நல்ல மனசோடுதான் செய்தாள், அதில் சந்தேகமே வேண்டாம். அவள் செய்த கோணங்கித்தனம் எல்லாமே நல்ல மனசோடு செய்தவைதான்.

ஐந்தாவது கேள்வி வந்தது. பேச்சை இயக்குவது மூளையின் எந்தப் பாதி? அது பாதிக்கப்பட்டால் ஒருவருக்கு என்ன ஆகும்?

ஆபரேட்டர் அக்கா கடகடவென்று சொன்னாள்: "மூளையின் வலது பாதி. அது பாதிக்கப்பட்டால் பேச்சு தடைப்படும். பேச்சு போனால் புரிந்துகொள்வதும் சேர்ந்து போய்விடும்."

இரண்டும் தப்பு. முந்திரியின் பேனா ஒரு கணம்தான் தயங்கியது. அப்பாவின் ஸ்கேன் படத்தை டாக்டர் வெளிச்சத்தில் காட்டியது கண்முன்னே நின்றது. இடது பக்கம், இதோ இந்த இடம். அவள் 'இடது' என்று எழுதினாள். அதோடு விட்டாளா? கை தானாக ஓடியது. 'பேச்சு தடைப்பட்டவருக்குப் புரியாது என்று நினைத்துவிடக் கூடாது. அவர் சொல்ல வருவது உள்ளே முழுதாக இருக்கலாம்; வெளியே வரத்தான் நேரம் பிடிக்கிறது. கேட்பவர் காத்திருக்க வேண்டும்.' ஆஸ்பத்திரி பிரசுரத்தில் இருந்த வரிகள். எழுதி முடித்ததும் தன் அப்பாவுக்கே ஏதோ செய்துவிட்டதுபோல அவளுக்கு நிறைவாக இருந்தது.

கடைசிக் கேள்வியும் முடிந்தது. பார்வையற்றவர்களுக்குத் தருகிற கூடுதல் நேரம் நிறையவே மீதி இருந்தது. ஆபரேட்டர் அக்கா நாற்காலியில் சாய்ந்தாள்.

"அந்த அஞ்சாவதை ஒரு தடவை படிச்சுக் காட்டு. என்னமோ உறுத்துது."

தாளில் இருப்பது ஒன்று, அக்கா சொன்னது வேறு. எதைப் படிப்பது? வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருப்பார்கள். இவளோ, பார்வையைத் தாளில் வைத்துக்கொண்டு, அக்கா சொன்னதை ஞாபகத்திலிருந்து அப்படியே ஒப்பித்தாள். அடுத்தவர் வாக்கியங்களை நினைவில் வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"மூளையின் வலது பாதி. அது பாதிக்கப்பட்டால்..."

"நிறுத்து. வலதுன்னா சொன்னேன்?"

"ஆமாக்கா."

"நான் ஒரு கழுதை. வலது கைக்கு இடது பாதி, பேச்சும் அங்கதான். எத்தனை தடவை படிச்சேன்! வலதை அடிச்சுட்டு இடதுன்னு எழுது."

முந்திரி பேந்தப் பேந்த விழித்தாள். அடிப்பதற்குத் தாளில் வலது என்ற வார்த்தையே இல்லை. அங்கே அழகான கையெழுத்தில் 'இடது' உட்கார்ந்திருந்தது. இல்லாத வார்த்தையை எப்படி அடிப்பது? பேனாவைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையை அடித்து இன்னொன்றை எழுத எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருந்தாள்.

"ஆச்சுக்கா."

ஆபரேட்டர் அக்கா தலையை லேசாகத் திருப்பினாள். அழுகிறவர் யார், அழுவதுபோல நடிக்கிறவர் யார் என்று ஒரு மூச்சிலேயே பிரித்துவிடுகிற காது அது.

"பேனா சத்தம் வரலியே."

"மெதுவா எழுதினேன்."

"என் காதுல பூ சுத்தாதே. இவ்வளவு நேரம் கரகரன்னு ஓடின பேனா, இப்ப மட்டும் செருப்பைக் கழட்டிட்டு நடக்குதா?" குரலைத் தாழ்த்தினாள். "அங்க ஏற்கெனவே என்ன எழுதியிருக்கு?"

"இடது" என்றாள் முந்திரி. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. போடவும் முடியாது. மூலையில் இருந்தவர் காதில் விழுந்தால் எழுதியவளுக்குத் தடை, எழுதச் சொன்னவளுக்குத் தாள் ரத்து. வேலையும் போச்சு, பட்டமும் போச்சு. அவள் விரல்கள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டன. முகத்தில் கோபத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் முந்திரிக்குத் தான் செய்தது உறைத்தது.

"எனக்கு நல்லது பண்றதா நெனச்சியா?"

"ஆமாக்கா."

"எல்லாரும் அதைத்தான் நெனைக்கிறாங்க. ரோட்டைக் கடக்க வேணாம்னு நின்னாலும் கையைப் பிடிச்சு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுடறாங்க." கையை நீட்டித் தாளைத் தொட்டாள். "இதுவரைக்கும் எழுதினதுல எது என்னோடது?"

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்வி முழுதாக முடிந்த பிறகும் அவளிடம் பதில் இல்லை.

"முதல்லேர்ந்து படி. எழுதியிருக்கிறதைப் படி. நான் சொன்னதை இல்ல."

"என்னம்மா அங்க?" என்றார் மேற்பார்வையாளர், குறுக்கெழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எழுதினதைத் திருத்தச் சொல்றேன் சார்" என்றாள் அக்கா. பொய்யில்லாத பதில்.

படித்தார்கள். இரண்டாவது பதிலில் விட்ட வரி திரும்ப ஏறியது. மூன்றாவதற்கு வந்ததும் அக்கா முகம் சுருங்கியது.

"அந்த போன்காரர் எங்கே?"

"அது... பரீட்சைக்கு எதுக்குன்னு..."

"அடிப்பாவி. அதுதான்டி என் பதில். மத்ததெல்லாம் புஸ்தகத்துல இருக்கு."

ஓரத்தில் இடம் பிடித்து போன்காரர் உள்ளே வந்தார். பிறகு ஐந்தாவது. முந்திரி தான் எழுதியதை, தன் அப்பாவைப் பற்றிய அந்த வரிகளை, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். படிக்கும்போது குரல் உடைந்தது. அக்கா கவனித்தாள், ஆனால் கேட்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் சொன்னது இது இல்ல."

"அக்கா, அது வந்து..."

"வாயைத் திறக்காதே. சரியா தப்பான்னு உன் மூச்சுலகூட எனக்குத் தெரியக் கூடாது. நான் சொன்னதை எழுது."

முந்திரி நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மூன்று வரிகளையும் கோடு போட்டு அடித்தாள். மனசு வலித்தது. கீழே, 'பேச்சு போனால் புரிந்துகொள்வதும் சேர்ந்து போய்விடும்' என்று தன் கையாலேயே எழுதினாள்.

"இப்ப அந்த இடது. அது நானே கண்டுபிடிச்சது, அதனால இருக்கட்டும். ஆனா அதையும் அடிச்சுட்டுத் திரும்ப எழுது."

"அதே வார்த்தையையாக்கா?"

"அதே வார்த்தைதான். முதல் இடது உன்னோடது. ரெண்டாவதுதான் என்னோடது. சத்தம் கேக்கணும்."

பேனா கரகரத்தது. 'இடது' என்பதை அடித்துவிட்டு 'இடது' என்றே எழுதிய அந்தத் தாளைத் திருத்தியவர் தலையைச் சொறிந்திருப்பார். முடிவு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அதே நினைப்பில் மீதியைக் கேட்க மாட்டீர்கள். அக்கா தேறிவிட்டாள். தட்டுத் தடுமாறித்தான், ஐந்தாவது கேள்வியில் பாதி போச்சு. இப்போது அந்த ஆஸ்பத்திரியில் மனக்குறை கேட்கிற மேசையில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தெரியாது. வாசலுக்கு நடந்தார்கள். முந்திரி கையைப் பிடிக்கப் போய், பாதியில் நிறுத்தி, "பிடிக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். அக்கா அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லலாம், பரீட்சை முடிஞ்சாச்சு. நான் எழுதச் சொன்னது தப்பா?"

"தப்புதான்க்கா."

"நாசமாப் போச்சு." கொஞ்ச தூரம் திட்டிக்கொண்டே நடந்தாள். பிறகு, "போகட்டும். தப்புன்னாலும் என் தப்பு. உனக்கு எப்படி இவ்வளவு தெரியும்?" என்றாள்.

முந்திரி அப்பாவைப் பற்றிச் சொன்னாள்.

"உங்கப்பா என்ன சொல்றார்?"

"அவரால சரியாப் பேச முடியாதுக்கா."

"அதான் சொன்னியே. என்ன சொல்றார்னு கேட்டேன்."

"நாற்காலி சரியில்லைன்னு..." என்று முந்திரி ஆரம்பித்தாள். வாக்கியம் பாதியில் நின்றது. இந்தத் தடவை அதை முடித்துவைக்க யாரும் இல்லை. அதற்குள் அக்காவின் பஸ் வந்துவிட்டது.

தன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த முந்திரிக்கு வெளியே எதுவும் கண்ணில் படவில்லை. நீலச் சட்டையை நினைத்தாள். அப்பா 'சட்' என்றார்; நீலம் என்று முடிவு செய்தது யார்? டீயில் சர்க்கரை வேண்டாம் என்றது டாக்டரா, அப்பாவா, இவளா? செய்தி சேனல்தான் பிடிக்கும் என்று யார் சொன்னது? மார்க்கெட் நண்பர்கள் வந்தபோது, "அப்பாவுக்குக் களைப்பா இருக்கு, அப்புறம் வாங்க" என்று இவளே சொல்லி அனுப்பினாள்; அப்பா தலையாட்டினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுத்துச் சொல்ல இன்னொரு வாக்கியம் வேண்டும், அதையும் இவள் முடித்துவிடுவாளே. இத்தனை மாதமாக அந்த வீட்டில் அப்பா என்ற பெயரில் பேசியதெல்லாம் இவள்தான். அவளுக்கு அழுகை வந்தது. பஸ் என்றும் பார்க்காமல் அழுதாள். உதவி செய்தோம், வாங்கிய உபகாரத்தைத் திருப்பிக் கொடுத்தோம் என்று நிமிர்ந்து நடந்ததை நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

வீட்டில் எல்லாம் வழக்கம்போல. அம்மா அடுப்படியில். அண்ணன் செல்போன் கடை வேலையிலிருந்து வந்து, கூடத்திலேயே காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். அப்பா கூடத்தில், குஷன்களுக்கு நடுவே. அவருடைய தட்டு தயாராக இருந்தது. முந்திரி போய் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

அப்பா அவளைப் பார்த்தார். உதடு கோணியது. "நாற்... காலி..."

அம்மா கரண்டியோடு ஓடி வந்தாள். "முதுகா? அந்தப் பச்சைக் குஷனை எடுடா!" அண்ணன் பிடியில் கை வைத்தான்.

"இருங்க" என்றாள் முந்திரி. "யாரும் ஒண்ணும் பண்ணாதீங்க. பேசாதீங்க."

"அட, இதை யார் சொல்றது பாரு" என்றான் அண்ணன்.

"அண்ணா, ப்ளீஸ்."

அவள் முகத்தைப் பார்த்து அவன் வாயை மூடிக்கொண்டான். அப்பா ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வழக்கமாக இந்நேரம் யாராவது வாக்கியத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள்; யாரும் வாங்கவில்லை என்றதும் அவர் ஒரு நிமிஷம் மிரண்டுவிட்டார். முந்திரியின் வாயில் பதில்கள் முட்டி மோதின. கால் வலியா, வெளிச்சமா, படுக்கணுமா. ஒவ்வொன்றையும் விழுங்கினாள். அடுப்பில் எதுவோ தீய்ந்து வாடை வந்தது. அம்மா அசையவில்லை.

"நாற்காலி..." என்றார் அப்பா மறுபடி. மூச்சை இழுத்தார். "ஒரு... தரம்."

அண்ணன் வாயைத் திறந்தான். முந்திரி அவன் காலைப் பிடித்துக் கிள்ளினாள்.

"ரெ... ரெண்டு... தரம்."

அம்மாவின் கை வாய்க்குப் போனது. அப்பாவின் இடது கை மெல்ல மேலே எழுந்தது. மார்க்கெட்டில் கூடை மேல் நின்று எழுப்புவாரே, அதே கை. யாராவது கேட்கிறார்களா என்று கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. அந்த நாற்காலிக்கு விலை சொல்ல ஆளில்லை.

"மூணு... தரம்!" நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஏலம் முடிந்தது.

தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். பிடிக்கப் போன அண்ணனைப் பார்வையாலேயே நிறுத்தினார். காலை இழுத்து இழுத்துச் சமையலறைக்குள் போய், மேசையருகில் தன் பழைய மர ஸ்டூலின் முன் நின்றார். அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணி மலைபோலக் கிடந்தது. அம்மா துணியை அப்படியே வாரி எடுத்தாள். அப்பா உட்கார்ந்தார், மேசையின் நாலாவது பக்கத்தில், எல்லோருக்கும் நடுவில்.

"இத்தனை மாசமா இதைத்தான் சொல்லிட்டு இருந்தீங்களா?" அம்மா அழுதுகொண்டே கேட்டாள். "எங்ககூட உக்காந்து சாப்பிடணும்னா?"

அப்பா வாயைத் திறந்தார். ஆமாம் என்று சொல்லப்போகிறார் என்று முந்திரி நினைத்தாள். அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, நினைத்ததோடு சரி.

"இ... இல்ல" என்றார் அப்பா.

மூவரும் திகைத்தார்கள்.

"நேத்து... நிஜமா... முதுகு... வலி."

முதலில் சிரித்தது அண்ணன்தான். பிறகு அம்மா, கையில் துணிமூட்டையோடு, அழுகையும் சிரிப்புமாக. அப்பாவின் முகம் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது, ஆனால் முழுச் சிரிப்பு. அம்மா பழக்க தோஷத்தில் பச்சைக் குஷனை எடுக்கப் போய், பாதி வழியில் நின்று, திரும்பி வந்தாள். தீய்ந்ததை ஒதுக்கிவிட்டு எல்லோருக்கும் பரிமாறினாள். அண்ணன் சாப்பிட ஆரம்பித்தான்.

முந்திரி அப்பாவைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கிய பிறகும் அவர் வாய் திறந்தே இருந்தது. உதடு எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"இருண்ணா" என்றாள், அவன் கையைப் பிடித்து. "அப்பா இன்னும் முடிக்கல."